பரிசத்துக்கு முந்தின மார்ச்சளி

என் மாமியாருக்கு மார்ச்சளி என்பது சண்டைக்கு வந்த பங்காளி மாதிரி. வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட வேண்டும், கூடத்துக்குள் விட்டால் பாகம் கேட்கும் என்பார். வீட்டில் யாராவது ஒரு முறை தொண்டையைச் செருமினால் போதும், அடுப்பில் தண்ணீர் ஏறிவிடும். மருமகளாக வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. நான் பிறந்த ஊர் திண்டிவனம். அங்கே சளி பிடித்தால் மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ரொம்ப முற்றினால் சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்போம். இவர்கள் வீட்டில் சளிக்கென்று தனியாக ஒரு அலமாரியே இருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டு என்று மிரட்டிக்கொண்டிருந்த எல்லைச் சாவடிகளையும் எடுத்த பிறகு நடந்த கல்யாணம் என்னுடையது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு சந்தில் ஓட்டு வீடு. என் வீட்டுக்காரர் மில்லில் கணக்கு எழுதினார். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, நான், அவ்வளவுதான் குடும்பம். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன்.

அலமாரியில் சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு எல்லாம் மூடி போட்ட புட்டிகளில் இருக்கும். கொல்லையில் உடைந்த அண்டாவில் ஓமவல்லி வளர்த்தார். தேங்காய்த்திட்டிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா எங்கள் சந்தில் நுழைந்ததுமே மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். நொச்சி வாடை அடித்தால், கால் ஒடிந்த நண்டையெல்லாம் ரசத்துக்கு நல்லது என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவாள். அத்தையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

ஆனால் பெரிய வைத்தியம் அலமாரியின் மேல் தட்டில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. மாமனார் போன பிறகு அத்தை வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்த வீட்டு மதாம் கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. உள்ளே காகிதத்தில் சுற்றிய சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், கழுத்து குறுகி, விளிம்பு தடித்து, உள்ளங்கையில் அடங்கும் அளவு. வாந்தூஸ் என்பார் அத்தை. அந்த ஊரில் பல வீடுகளில் அந்தப் பெயர் சகஜம். குச்சியில் பஞ்சு சுற்றி, சாராயத்தில் நனைத்து, கொளுத்தி, கிண்ணத்துக்குள் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு உடனே முதுகில் கவிழ்க்க வேண்டும். கிண்ணம் கவ்விக்கொள்ளும். உள்ளே தோல் பணியாரம் போல உப்பி வரும். கொஞ்ச நேரம் கழித்து விளிம்பை விரலால் அழுத்தினால் டப்பென்று விட்டுவிடும். நெஞ்சில் கட்டிக்கொண்டிருக்கும் சளி இளகிப்போகும் என்பது அத்தையின் நம்பிக்கை. எனக்கு ஒரு தரம் வைத்தார். மூச்சு லேசானது உண்மை. முதுகில் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள் விழுந்ததும் உண்மை.

“இது போவாதா அத்தே?” என்று நான் அழுதுவிட்டேன்.

“அடி அசடே, தானா மறைஞ்சிடும். எங்க துரை முதுவு பூரா இந்த வட்டத்தோட சட்டையில்லாம கடல்ல குளிப்பாரு. யாரு கேட்டா?” என்றார்.

புதுச்சேரியில் யாரும் கேட்க மாட்டார்கள்தான்.

என் வீட்டுக்காரரின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வந்தபோது பாவாடை தாவணியில் இருந்தாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. அத்தை அந்த மதாமிடம் பேசின தமிழும் பிரெஞ்சும் கலந்த பாஷையை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசிக் காட்டுவாள். மீன்காரம்மா மூக்கை உறிஞ்சுவதைச் செய்து காட்டுவாள். நான் புளி கரைத்துக்கொண்டிருப்பேன், புளிக் கையோடு அப்படியே உட்கார்ந்து சிரிப்பேன். அவளும் சிரிப்பாள், சிரித்துச் சிரித்துக் கடைசியில் இருமலில் போய் முடியும். அவளுடைய நெஞ்சு அப்படி. ஐப்பசி மழை தொடங்கினால் தை வரைக்கும் அவள் மார்பில் பூனை படுத்திருப்பதுபோல கர்ரென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பயப்படும்படியான நோய் ஒன்றும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஈர உடம்பு, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அத்தையின் அலமாரி முக்கால்வாசி அவளுக்காகத்தான் நிறைந்தது.

அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருமினால் ஊர் சும்மா இருக்காது. எலும்புருக்கி என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் சாதி சனம் முழுக்கப் போய்விடும். ஆண்பிள்ளை இருமினால் பீடி குடிக்கிறான் என்பார்கள், அதோடு சரி. இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பண்ருட்டியிலிருந்து வரன் வந்தது. முந்திரிக்கொட்டை வியாபாரம், ஒரே பையன், மேலே ஒரு அக்கா. அக்கா வீட்டுக்காரரை இழந்து தம்பியோடேயே இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பையனை வளர்த்தவள் அவள்தான், வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம் என்று சொன்னார்கள். பெண் பார்க்கப் புரட்டாசியில் வந்தார்கள். அடைமழை இன்னும் தொடங்கவில்லை, அவள் நெஞ்சு சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம், “அண்ணி, அவரு மூக்கு கொஞ்சம் பெரிசு இல்ல?” என்று என்னிடம் கேட்டாள். பிடித்துப்போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பரிசத்துக்குக் கார்த்திகையில் நாள் குறித்தார்கள். ஐப்பசி அடைமழையில் அவளுக்குச் சளி கட்டிக்கொண்டது. அத்தை கலங்கிப்போனார். விடிந்ததும் ஆடாதொடை இலையும் மிளகும் போட்டுச் சுண்டக் காய்ச்சின கஷாயம். பொழுது ஏறியதும் நொச்சித் தழை போட்டு வேது பிடிக்க வேண்டும். கம்பளிக்குள் அவளும் நானும் சேர்ந்தே உட்காருவோம், அவள் உள்ளேயும் கதை பேசிச் சிரிக்க வைப்பாள். சாயங்காலம் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடு காட்டி மார்பிலும் முதுகிலும் தேய்ப்போம். அதன்மேல் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம். கொஞ்சம் இளகும், மறுநாள் மழை பெய்யும், திரும்பக் கட்டிக்கொள்ளும். நாள் நெருங்கியது. பரிசத்தன்று சபையில் உட்கார்ந்து இவள் இருமினால் என்ன ஆகும் என்று அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அட்டைப் பெட்டியை இறக்கினார். மார்பில் வைக்காமல் முதுகிலேயே இரண்டு வரிசையாக வைத்தார். “முதுவுன்னா ரவிக்கைக்குள்ள போயிடும், யாரு பாக்கப் போறா?” என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு நாள் வைத்தார். நம்பினால் நம்புங்கள், நெஞ்சு விட்டுவிட்டது. பரிசத்தன்று காலையில் குளித்துவிட்டு வந்து, “அண்ணி, மூச்சு நேரா போய் வயித்துல எறங்குது” என்று சொல்லிச் சுற்றிச் சுற்றி வந்தாள். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பண்ருட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு தட்டுத் தட்டாக வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பரிசப் புடவையை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான் பெண்ணுக்குக் கட்டிவிட வேண்டும். தாய் இடத்தில் இருந்து வளர்த்தவள் என்பதால், வீட்டுக்காரர் இல்லாதவள் கட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. புடவை மட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மாப்பிள்ளையின் அக்கா ஆசைப்பட்டு, கல்யாண ரவிக்கைக்கென்று முன்பே வாங்கிப் போயிருந்த அளவை வைத்து, அதே நிறத்தில் ரவிக்கையும் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். உள் அறையில் நாங்கள் மூன்று பேர். “வெக்கப்படாத, நானும் பொம்பளதான்” என்று சொல்லிக்கொண்டே அவளைத் திருப்பி, பழைய ரவிக்கையைக் கழற்றினாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. முதுகில் இரண்டு வரிசை, நாவல்பழக் கறை பட்டதுபோல.

“இது இன்னா?” என்றாள், குரலே வெளியே வராமல்.

“வாந்தூஸ்” என்றாள் எங்கள் பெண்.

அப்படி ஒரு வியாதியை அந்த அம்மாள் கேள்விப்பட்டதில்லை. புடவையைக் கட்டாமல் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கூடத்தில் அவளுடைய தாய்மாமன் காதில் என்னவோ சொன்னாள். அது காதுக்குக் காது சபை முழுக்கப் போனது. வட்ட வட்டமாகத் தோலில் தழும்பு என்றால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரே ஒரு வியாதிதான் ஞாபகம் வரும். பெருவியாதி, அதாவது குஷ்டம். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்கள், அதிலேயே தெரிந்துவிட்டது.

அத்தை அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். அட்டைப் பெட்டியைக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னாலும் பஞ்சைக் கொளுத்தி, தன் முன்கையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டார். நெருப்பைப் பார்த்ததும் பண்ருட்டிப் பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். கிண்ணம் கவ்வியது, தோல் உப்பியது, எடுத்ததும் அதே மாதிரி ஒரு வட்டம். “பாத்துக்கோங்க, இதான். வேற ஒண்ணும் இல்ல. தானா மறைஞ்சிடும்” என்றார். சபையில் மூச்சு வந்தது. தாய்மாமன் சிரித்துக்கூட விட்டார், வெள்ளைக்காரன் வைத்தியமே ஒரு தினுசுதான் என்றார்.

மாப்பிள்ளையின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “சரி அத்தே, நம்பறேன். இதை எதுக்கு வெக்கிறது?” என்று கேட்டாள்.

எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி முன்கூட்டித் தோன்றவில்லை. பெருவியாதி இல்லை என்று காட்டுகிற அவசரத்தில் சளியைக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் வைத்துவிட்டோம். அத்தைக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. “மார்ச்சளிக்கு” என்றார்.

“சளியா? இவ்வளவு நெருப்பு வெக்கிற அளவுக்கா?”

கூடத்தின் ஓரத்தில் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன்தான் நடுவில் புகுந்தார். நல்ல மனிதர். பெண்ணின் மேல் குறை சொல்லவில்லை, வட்டம் மறையட்டும், மழையும் விடட்டும், தை பிறந்ததும் பெண்கள் மட்டும் ஒரு நாள் வந்து தங்கிப் பார்க்கட்டும், இருமல் எதுவும் இல்லையென்றால் பரிசத்தையும் கல்யாணத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்று முடித்தார். கௌரவமாகத்தான் சொன்னார். அவர்கள் வண்டி போன பிறகு எங்கள் பெண் பழைய ரவிக்கையோடேயே மூலையில் உட்கார்ந்திருந்தாள். பரிசத்துக்காகக் கட்டின தோரணத்தை என் வீட்டுக்காரர் அவிழ்த்தார்.

பிறகு வந்த மாதங்களைத்தான் நான் மறக்க முடியாமல் கிடக்கிறேன். வாந்தூஸ் வைக்கக் கூடாது, வைத்தால் வட்டம் விழும். மழையோ விடவில்லை, சளி திரும்பிவிட்டது. அத்தைக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். தூதுவளை ரசம், ஓமவல்லிச் சாறு, திப்பிலியும் தேனும், நண்டு ரசம், தவிட்டு ஒத்தடம். எதுவும் முழுசாகக் கேட்கவில்லை. சளியைப் போக்க முடியாது என்று தெரிந்ததும் இருமலை அடக்கப் பழக்கினோம். வைத்தியம் எந்த இடத்தில் நின்றது, இது எந்த இடத்தில் தொடங்கியது என்று இப்போது யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

கன்னத்தில் சித்தரத்தைத் துண்டை அடக்கிக்கொள்ள வேண்டும். தொண்டை கமறினால் வாயைத் திறக்காமல், மூக்கால் மெல்ல மூச்சு இழுத்து, எச்சிலை மூன்று தரம் கூட்டி விழுங்க வேண்டும். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். வேகமாக நடக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. முக்கியமாகச் சிரிக்கக் கூடாது, சிரித்தால் இருமல் வரும். அவள் கெட்டிக்காரி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வாள். முதலில் கண்ணில் தண்ணீர் வழிய, முகம் சிவக்க அடக்கினாள். பிறகு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. மார்கழி முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. ஒரு நாள் அவளைச் சிரிக்க வைக்க நானே மீன்காரம்மா மாதிரி மூக்கை உறிஞ்சிக் காட்டினேன். உதட்டை மடித்துக்கொண்டு, வேண்டாம் அண்ணி என்று கையைக் காட்டினாள்.

“பாத்தியா, எம்பொண்ணு கெட்டி” என்று அத்தை பெருமைப்பட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் என்று தவித்த தாய் வேறு என்ன செய்வாள்?

தையில் மாப்பிள்ளையின் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முதலில் முதுகைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளையின் அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, “தப்பா நெனைக்காத கண்ணு, தம்பிய தாயில்லாம வளத்தவ நான்” என்றாள். அந்தக் குரலில் வஞ்சகம் இல்லை. பிறகு நானும் ஒரு கை பிடிக்கிறேன் என்று அடுப்படிக்கு வந்தாள். குழம்புக்குத் தாளிக்கிறேன் என்று காய்ந்த சட்டியில் ஒரு பிடி வர மிளகாயைப் போட்டாள். வேண்டுமென்று போட்டாளா, கை தவறியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நெடி கிளம்பியது. முதலில் நான் இருமினேன். அத்தை இருமிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். கூடத்தில் இருந்த இரண்டு பெண்களும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார்கள். சட்டியை இறக்க வந்த மாப்பிள்ளையின் அக்காவே குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தாள். எங்கள் பெண் அம்மியின் முன்னால் உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். அரைப்பதை நிறுத்தவில்லை. கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் எழும்பி எழும்பி அடங்கியது. குழவியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. புகை போகும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

நெஞ்சில் ஒரு குறையும் இல்லாத நாங்கள் அத்தனை பேரும் இருமினோம். அவள் மட்டும் இருமவில்லை. அதைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எங்களையெல்லாம் தூக்கி சாப்ட்டுட்டா உங்க பொண்ணு! இதுக்கு மேல இன்னா பாக்கறது?” என்றாள். கொண்டுவந்திருந்த பரிசப் புடவையை அங்கேயே பிரித்து அவள் தோளில் போட்டாள். அத்தை வாசலில் நின்று, கடற்கரைப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. ஆடிக்கு வந்தபோது கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். அவர் நல்லவர், அண்ணி தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறாள் என்றாள். நாத்தனாரை அவள் அப்படித்தான், உரிமையோடு அண்ணி என்று கூப்பிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனால் சிரிக்கும்போது பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு நிறுத்திவிட்டாள். நானும் அவளும் தனியாக இருந்தபோது கேட்டேன்.

“இருமல் வந்தா இன்னாடி பண்ணுவ?”

“கொல்லையில கொட்டை ஒடைக்கிற கொட்டாய் இருக்குது அண்ணி. பத்துப் பொம்பளைங்க கட்டையால டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருப்பாங்க. அங்க போய் நின்னுக்குவேன். அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுது? ராத்திரியில தலாணிய வாயில அமுக்கிக்குவேன்” என்றாள். ஏதோ சாமர்த்தியம் செய்தவள் மாதிரி கண்ணைச் சிமிட்டினாள்.

“இப்ப எதுக்குடி ஒளிக்கணும்? கல்யாணம்தான் ஆயிடுச்சே” என்றேன்.

“வோணாம் அண்ணி. நம்பி எடுத்தவங்க. இப்ப இருமினா, அன்னிக்கு ஏமாத்திட்டாங்கன்னு அம்மாவத்தான் பேசுவாங்க.”

அத்தையிடம் சொன்னேன். வருஷம் ஒன்று போகட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும், தானாகச் சரியாகிவிடும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது வருஷத்து மழை விடாமல் பெய்தது. மழையில் கொட்டை காயாது. காயாவிட்டால் உடைப்பும் கிடையாது. கொட்டகை சும்மா கிடந்திருக்கும். அவள் எங்கே போய் நின்றாளோ, எத்தனை முறை எச்சிலைக் கூட்டி விழுங்கினாளோ, எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று படுத்தாளாம். மழைக் காய்ச்சல்தானே என்று கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உதடு நீலம் பாரித்த பிறகு கடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சளி அடைத்துவிட்டது, இத்தனை நாள் இருமவே இல்லையா, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் சத்தம் போட்டாராம். எங்களுக்கு ஆள் வந்து சொல்லி, நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பண்ருட்டி வீட்டுக்கே கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரையும் அடையாளம் தெரிகிற நிலையில் இல்லை. நான் அழ இடம் தேடிக் கொல்லைப் பக்கம் போனேன். கிணற்றடியிலிருந்து தெருவரைக்கும் வேலி. வேலி முழுக்க ஆடாதொடை. ஆடு மாடு கடிக்காது என்று அந்தப் பக்கத்தில் அதைத்தான் வேலிக்கு வைப்பார்கள். மழையில் நனைந்து ஆள் உயரத்துக்குத் தழைத்து நின்றது. விடிந்தால் அத்தை கஷாயம் வைத்துக் கொடுத்த அதே இலை.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் அக்கா அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கொத்து ஆடாதொடைய ஒடிச்சு கஷாயம் வெக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆவும் அத்தே? தெருவுல அத்தினி பேரும் இருமறாங்க, எங்க வூட்டுப் பொண்ணப் பாருங்கன்னு பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேனே. ஒரு வார்த்தை சொல்லலியே. எங்கூடயே உண்டு எங்கூடயே பொழங்கினா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ இருமி நான் கேட்டதில்லியே.”

அத்தை அதுவரை அழவில்லை. அப்போதும் அழவில்லை. அவளைத் தன் மேலிருந்து மெல்ல விலக்கி, முகத்தைப் பார்த்து, “நாங்கதான்மா சொல்லிக் குடுத்தோம்” என்றார்.

“எதை அத்தே?” என்று அவள் கேட்டாள். ஒன்றும் புரியாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அத்தை வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு எச்சிலை மூன்று தரம் கூட்டி விழுங்கினார்.